தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு வரி உண்டா?

1966 ஜனவரி, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு: தாராவியில், கையால் சோப்பு காய்ச்சும் ஒரு பட்டறையின் கிணற்றில் மின்சார மோட்டார் பொருத்தப்பட்டுத் திறப்பு விழா நடந்தது. பொத்தானை அழுத்தித் தொடங்கிவைத்தவர் அந்தப் பகுதியின் கலால் ஆய்வாளர் சாலமன்.

மறுநாள் திங்கள்: நடந்ததைச் சாலமனே அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அன்று மாலையிலிருந்து பட்டறைச் சரக்கு வெளியே போகாமல் தடுத்து வைக்கப்பட்டது.

பிப்ரவரி தொடக்கம்: உதவி கலெக்டர் முன்னிலையில் என் குறிப்பு வாசிக்கப்பட்டது.

அதே வாரம் வெள்ளி: உதவி கலெக்டர் இடத்தை நேரில் பார்வையிட்டார். குழாய் அறுக்கப்பட்டது. அறுத்த முனையில் ஈய முத்திரை வைத்தவன் நான்.

சனி: சரக்கு வெளியே போனது. பட்டறையில் கூலி பட்டுவாடா நடந்தது.

இவ்வளவும் நடந்தவை. என் கருத்து எதுவும் இவற்றில் கலக்கவில்லை. இனி எழுதுவதில் அந்த உறுதியை நான் தர இயலாது.

எழுத நேர்ந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடுவது வழக்கம். கலால் என்ற பெயரே போய், எல்லா வரிகளும் ஒரே பெயருக்குள் அடங்கிய பிறகு நடந்த கூட்டம் ஒன்றில், இளம் அதிகாரி ஒருவர் பேசினார். நல்ல படிப்பாளி. இந்த நாட்டில் ஒரு கைப்பிடிப் பேர்தான் வரி கட்டுகிறார்கள், கூலிக்காரர்கள் எதுவும் கட்டாமல் எல்லாவற்றையும் அனுபவிக்கிறார்கள் என்றார். கைதட்டினார்கள். பிறகு அவரே என்னிடம் வந்து, "சார், உங்க காலத்து அனுபவம் ஏதாவது எழுதித் தாங்களேன், எங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்று பணிவாகக் கேட்டார்.

இத்தகைய பேச்சு எங்கே எழுந்தாலும் அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை என் மனைவி கமலா ஏற்றுக்கொண்டிருந்தாள். "மோட்டார் கதை தெரியுமோ உங்களுக்கு?" என்று தொடங்குவாள். ஐம்பது ஆண்டுகளாக, மாதுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்திலும், கல்யாண வீடுகளிலும், ஒருமுறை ரயிலில் முன்பின் தெரியாதவர்களிடமும் அவள் அதைச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். சென்ற ஐப்பசியில் அவள் காலமானாள். ஆகவே பதில் சொல்ல வேண்டிய முறை என்னிடம் வந்திருக்கிறது. அவள் சொன்னபோது அது சாலமனின் கதையாக இருந்தது. என்னுடையது சற்று வேறாக அமையலாம்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்தேன். மறைமுக வரியின் சுமை கடைசியில் யார் தலையில் இறங்குகிறது என்பதே என் ஆய்வின் பொருள். அந்த ஆய்வை வாசித்தவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் நான். பிறகு தேர்வெழுதிக் கலால் துறையில் ஆய்வாளராகச் சேர்ந்தேன். புகையிலையின் ஈரத்தைக் கையால் பார்க்கவும், தீக்குச்சிப் பெட்டியை எடைபோடவும், கிடங்குக்கு அரசாங்கப் பூட்டுப் போடவும் கற்றுக்கொடுத்தார்கள். சாலமனும் அதே குழுவில் சேர்ந்தவர். திருநெல்வேலிப் பக்கம். பி.ஏ., மூன்றாம் வகுப்பு. செம்பூரில் இரண்டு அறைகளில் மனைவியோடு குடியிருந்தார். ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் பேனாவைத் திருகித் திருகி மூடுவார். என்னை "புரொபசர்" என்றே அழைப்பார். கேலி இருந்தது, பகை இல்லை. பகை இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்துச் சட்டத்தை இரண்டு வரிகளில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றவை விளங்கா. சோப்புக்குக் கலால் வரி உண்டு. மின்விசையின் துணை இல்லாமல் கையால் செய்யும் சிறு பட்டறைகளுக்கு மட்டும் விலக்கு. விலக்குப் பெற்றவர்கள் "இங்கே மின்விசை பயன்படுத்தவில்லை" என்று உறுதிமொழி கொடுத்திருப்பார்கள். அது உண்மைதானா என்று ஆய்வாளர் அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாராவியில் போய்ப் பார்ப்பது சாலமனின் வேலை. அலுவலகத்தில் உட்கார்ந்து, சட்டம் என்ன சொல்கிறது என்று குறிப்பெழுதுவது என் வேலை.

பட்டறைக்காரர் பெயர் சுடலைமுத்து. அவரும் திருநெல்வேலிக்காரர்தான். பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெயைக் காய்ச்சி, காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டு, துடுப்புப் போன்ற கட்டையால் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். பதம் வந்ததும் மரச் சட்டங்களில் ஊற்றி இறுக வைத்து, எஃகுக் கம்பியை இழுத்துக் கட்டிகளாக அறுப்பார்கள். மஞ்சள் நிறச் சலவை சோப்பு. மில் தொழிலாளர்களின் வீடுகளிலும் சலவைக்காரர்களிடமும் அதற்குத்தான் கிராக்கி, ஏனென்றால் விலையில் வரி இல்லை. இந்த வேலைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். பட்டறைக் கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் உப்புக் கரிக்காத தண்ணீர் அந்தக் கிணற்றில்தான் என்பதால் பட்டறை இருந்த சந்து முழுவதுமே அங்கே குடிதண்ணீர் எடுத்தது. பட்டறைக்கு நாள் முழுதும் கயிறு போட்டு இறைத்து ஊற்றியவள் பொன்னுத்தாய் என்ற பெண். கம்பி போட்டு அறுக்கும் பலகையில் உட்கார்ந்தால் பகார் கூடுதல். கூலிக்கு அங்கே அதுதான் சொல். ஆனால் இறைப்பதற்கு வேறு ஆள் கிடைக்காததால் அவளுக்கு அந்தப் பலகை வாய்க்கவில்லை.

மோட்டாரைச் சந்துக்காரர்கள் வீட்டுக்கு வீடு பணம் பிரித்துப் பழையதாக வாங்கினார்கள். நல்ல காரியம் நடக்கும்போது சர்க்கார் ஆள் ஒருவரை அழைத்துத் தொடங்கிவைக்கச் சொல்வது அவர்களுடைய வழக்கம். அவர்களுக்குத் தெரிந்த, தங்கள் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிற ஒரே சர்க்கார் ஆள் கலால் ஆய்வாளர்தான். மின்விசை இல்லை என்று உறுதிசெய்ய வருகிறவரை மின்விசையைத் திறந்துவைக்க அழைத்தார்கள். இதில் யாருக்கும் எந்த முரணும் தோன்றவில்லை. சாலமனுக்கும் தோன்றவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, "மதினி, நீங்களும் சாரும் அவசியம் வரணும், சொல்லிட்டேன்" என்று கமலாவை அழைத்தார். மாதுங்காவில் பிறந்து வளர்ந்த கமலாவை அதுவரை யாரும் மதினி என்று அழைத்ததில்லை. அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது. அது பிடித்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

மோட்டாருக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, முன்னால் தேங்காய் வைத்திருந்தார்கள். எங்களுக்கு நாற்காலியும் கலர் சோடாவும் வந்தன.

"அண்ணாச்சி, நீங்கதான் அமுக்கணும்" என்றார் சுடலைமுத்து.

"என்னைய எதுக்குவே கூப்பிடுதீரு? புரொபசர் சார் வந்திருக்காருல்லா, அவர அமுக்கச் சொல்லும்."

பெண்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அவுக அமுக்கினா தண்ணிக்கு வரி விளுந்தாலும் விளும். நீங்களே அமுக்குங்க அண்ணாச்சி."

எல்லாரும் சிரித்தார்கள். கமலாவும் சிரித்தாள். சொன்னவள்தான் பொன்னுத்தாய் என்று அப்போதுதான் அறிந்தேன். சாலமன் அழுத்தினார். மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீரைத் தள்ளியது. குலவைச் சத்தம் எழுந்தது. எல்லாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கண் குழாயின் வழியே போனது. கிணற்றடியில் குடம் பிடிக்க ஒரு திறப்பு விட்டு, அது சுவரைத் தாண்டி, பட்டறைக்குள் நுழைந்து, காரத் தண்ணீர் கலக்கும் தொட்டியில் முடிந்தது.

பிறகு என்னை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். என் ஆய்வுப் பொருளையே பேசினேன். தீப்பெட்டியில் வரி இருக்கிறது, மண்ணெண்ணெயில் இருக்கிறது, பீடியில், தேயிலையில், சர்க்கரையில், வேட்டியில், சேலையில் இருக்கிறது. வருமான வரி கட்டாதவனும் காலையில் அடுப்பு மூட்டும்போதே வரி கட்டத் தொடங்கிவிடுகிறான் என்றேன். தெளிவாகவே பேசினேன் என்று இப்போதும் கருதுகிறேன்.

பொன்னுத்தாய் முன்னால் வந்தாள். "அப்ப நாங்களும் வரி கட்டுதவுகதானா சார்?"

"ஆமாம்."

"ஏட்டி, கேட்டியளா? நாமளும் வரி கட்டுதமாம், சேட்டு மாதிரி!" என்று மற்ற பெண்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "கட்டுதோம்னா ஒரு சீட்டாவது தரணும்லா? ஒருத்தரும் தரலியே. சரி, மாசத்துக்கு எம்புட்டு ஆவுதுன்னாவது சொல்லுங்க."

"கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்" என்றேன்.

சாலமன் நாற்காலியில் இருந்தபடியே, "கூடத்தான் ஆத்தா ஆவுது. உன் பகாருக்கு ரொம்பக் கூட. அதுல சந்தேகமே வேண்டாம்" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நான் இரண்டு ஆண்டுகள் அட்டவணை போட்டு நிறுவியதை அவர் ஒரு சொல்லில் சொன்னார். அந்தச் சொல் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் கமலா, "சாலமன் எத்தனை அழகாச் சொன்னார், இல்லையா?" என்றாள். நான் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் அவரிடம் கேட்டேன். "அந்தக் குழாய் எங்கே போறது, பார்த்தேளா?"

"தொட்டிக்குப் போவுது."

"எந்தத் தொட்டிக்கு?"

"காரத் தொட்டி..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். "அடப்பாவமே. தண்ணி எறைக்கதும் சோப்பு செய்யதுல சேத்தியா வே?"

"சேர்த்தின்னு வாதாட இடம் இருக்கு."

"இடம் இருந்தா நீரு விட மாட்டீரே" என்றார். கோபம் இல்லை. ஒரு தாளை இழுத்து, பேனாவைத் திறந்து, அன்று மூடாமலேயே எழுதினார். ஆங்கிலத்தில் மூன்று வாக்கியங்கள். இரண்டில் பிழை இருந்தது. இன்ன பட்டறையில் இன்ன மோட்டார் வந்திருக்கிறது. அதன் தண்ணீர் காரத் தொட்டிக்குப் போகிறது. பொத்தானை அழுத்தியது நான். இதை நான் எழுதியிருந்தால் நான்கு பக்கம் ஆகியிருக்கும், மூன்றாம் வாக்கியம் அதில் எங்கே இருந்திருக்கும் என்று தெரியவில்லை. உதவி கலெக்டர் அதைப் படித்துவிட்டு ஓரத்தில் "நன்று" என்று மட்டும் எழுதி அனுப்பினார். என் குறிப்பு எதிலும் அந்தச் சொல் அதுவரை விழுந்ததில்லை.

எங்கள் துறை மேலதிகாரியான அந்த உதவி கலெக்டரின் பெயர் ஆப்தே. புனேக்காரர். அவருடைய முறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று அப்படி யாரும் வேலை பார்ப்பதாகத் தெரியவில்லை. மூன்று வரி அறிக்கைக்கு மேல் எதையும் அவர் தாமாகப் படிக்க மாட்டார். எழுதியவனே வந்து வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் சுவரிலிருந்த பம்பாய் வரைபடத்தைப் பார்த்தபடி, முதுகை நமக்குக் காட்டி நிற்பார். வாசிப்பவன் குரல் எங்கே தணிகிறதோ அங்கே கையை உயர்த்துவார். "இந்த இடத்தில் உனக்கே நம்பிக்கை இல்லை. மறுபடி வாசி" என்பார். இரண்டாம் முறையும் தணிந்தால் அந்தப் பத்தியை அடித்துவிட வேண்டும். எனவே அவருக்கு எழுதும்போது, வாசித்துப் பார்த்து வாசித்துப் பார்த்து எழுதுவேன். சாலமன் மட்டும் உள்ளே போனால், "நீ எழுத வேண்டாம், சொல்" என்பார். திரும்பி நின்று முகத்தைப் பார்த்துக் கேட்பார். எனக்கு முதுகு, அவருக்கு முகம். இந்தப் பாகுபாட்டின் நியாயத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நியாயம் இருந்தது என்பதுதான் சங்கடம்.

இதற்குள் பட்டறையில் சரக்கு தேங்கியது. எது கயிற்றில் இறைத்த தண்ணீரில் காய்ச்சியது, எது மோட்டார்த் தண்ணீரில் காய்ச்சியது என்று பிரிக்க வழியில்லாததால் மொத்தத்தையும் தடுத்து வைத்திருந்தோம். மோட்டாரை மின்விசை என்று முடிவுசெய்தால் விலக்குப் போய்விடும். வரி சேர்ந்த விலைக்கு அந்தச் சோப்பை யாரும் வாங்க மாட்டார்கள், பட்டறை மூடப்படும். மோட்டாரைக் கழற்றினால் பட்டறை பிழைக்கும். ஆனால் பொன்னுத்தாய் மறுபடி கயிற்றைப் பிடிக்க வேண்டும். மோட்டார் வந்ததால்தான் சுடலைமுத்து அவளுக்கு அறுப்புப் பலகையில் இடம் ஒதுக்கியிருந்தார். அவள் அதில் இன்னும் ஒரு முழு வாரம்கூட உட்காரவில்லை. இரண்டு சனிக்கிழமைகள் கூலி இல்லாமல் போயின. சாலமன் நாள்தோறும் அங்கே போய்வந்தார். அவர்கள் அவரைக் குறை சொல்லவில்லை என்றும், "அண்ணாச்சி பாத்துக்கிடுவாக" என்று சொன்னார்கள் என்றும் அலுவலகத்துப் பியூன் என்னிடம் தெரிவித்தான்.

என் குறிப்பு இரண்டு பகுதிகளாக இருந்தது. முதல் பகுதி சட்டம்: தண்ணீர் இல்லாமல் காரக் கரைசல் இல்லை, கரைசல் இல்லாமல் சோப்பு இல்லை, ஆகவே தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுவதும் உற்பத்தியின் ஒரு படியே, விலக்கு செல்லாது. இரண்டாம் பகுதி நியாயம்: இந்தச் சோப்பைச் செய்பவர்களும் வாங்குபவர்களும், வாழ்வின் ஒவ்வொரு தேவையிலும் தங்கள் வருமானத்துக்கு மிஞ்சிய வரியைக் கண்ணுக்குத் தெரியாமல் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்; சோப்பு ஒன்றிலாவது அவர்களை விட்டுவிடும்படி மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

முதல் பகுதியில் என் குரல் தணியவில்லை. இரண்டாவதிலும் தணியவில்லை. ஆனாலும் ஆப்தே கையை உயர்த்தினார்.

"இது யாருக்கு எழுதியது?"

"தங்களுக்கு, சார்."

"இல்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதியது. நன்றாக இருக்கிறது. நான் அங்கே வேலை பார்க்கவில்லை." பிறகு மணியடித்துச் சாலமனை அழைத்தார். "நீ சொல்."

சாலமன் தம் ஆங்கிலத்தில், கிணறும் சந்தும் இருக்கும் விதத்தைக் கைகளால் வரைந்து காட்டிச் சொன்னார். கிணறு பட்டறைக்காரருடையது, மோட்டார் சந்துக்காரர்களுடையது, குடிதண்ணீருக்கும் அதே கிணறுதான் என்பதையெல்லாம் சொன்னார். வாதம் எதுவும் இல்லை. ஆப்தே திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"குழாய் இப்போது எங்கே முடிகிறது?"

"காரத் தொட்டியில், சார்."

"வேறு எங்கே முடிந்திருக்கலாம்?"

சாலமன் ஒரு கணம் யோசித்தார். "சந்து முனையில், சார். எல்லாரும் பிடிக்கிற இடத்தில்."

"வெள்ளிக்கிழமை ஜீப்பைச் சொல்லு" என்றார் ஆப்தே.

வெள்ளிக்கிழமை சந்து முழுவதும் திரண்டு நின்றது. ஆப்தே கிணற்றைப் பார்த்தார், குழாயைக் கையால் தொட்டபடியே தொட்டிவரை நடந்தார், திரும்பி வந்தார். முன்னால் நின்ற பொன்னுத்தாயிடம் இந்தியில், இந்தத் தண்ணீரை யார் குடிக்கிறார்கள் என்று கேட்டார்.

"சப் லோக் பீதா சாப்" என்றாள் அவள், தாராவியின் இந்தியில். எல்லாரும் குடிக்கிறோம். "ஹம் பீதா, பச்சா லோக் பீதா." நாங்கள் குடிக்கிறோம், பிள்ளைகள் குடிக்கிறார்கள். பிறகு உண்மையை முழுதாகச் சொல்லிவிடும் எண்ணத்தில் சேர்த்துக்கொண்டாள்: "சோப்பு பீ பீதா." சோப்பும் குடிக்கிறது.

சுடலைமுத்து தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஏ மூதி, கெடுத்தியே!" என்று ஒரு குரல் கேட்டது. ஆப்தே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "இனிமேல் சோப்பு குடத்தில் குடிக்கட்டும்" என்றார்.

அதுதான் தீர்ப்பு. மோட்டார் சந்துக்கு உரியது, அதன் தண்ணீர் சந்து முனையில் வைக்கும் தொட்டியில் விழும், பட்டறைக்குத் தேவையானதை அங்கிருந்து ஆட்கள் கையால் கொண்டுவர வேண்டும். அப்படியானால் உற்பத்தியில் மின்விசை இல்லை, விலக்கு நிற்கும். சட்டப்படி இதில் ஓட்டை கண்டுபிடிக்க நான் முயன்றேன், முடியவில்லை. என் குறிப்பின் சட்டப் பகுதி முழுதும் அவருக்குப் பயன்பட்டது, ஆனால் இந்த வழி எனக்குத் தோன்றவில்லை.

சந்திலிருந்த குழாய்க்காரர் ஒருவர் ரம்பத்தால் குழாயை அறுத்தார். சுவருக்கு உள்ளே நீட்டிக்கொண்டிருந்த துண்டில் மரக் கட்டையை அடித்து இறுக்கச் சொன்னேன். கட்டையிலும் குழாயிலும் துளையிட்டு, முறுக்கிய கம்பியைக் கோத்து, அதன் இரு முனைகளையும் ஈயக் குண்டுக்குள் செலுத்தி, துறையின் முத்திரை பொறித்த இடுக்கியால் அழுத்தினேன். ஈயத்தில் அடையாளம் கூராக விழுந்தது. அந்த வேலையை நான் செவ்வையாகச் செய்தேன். நிமிர்ந்தபோது சாலமன் கழுத்தில் மாலை இருந்தது. அவர் அதைக் கழற்றி மோட்டாருக்குப் போட்டார். அதற்கும் கைதட்டினார்கள்.

சந்து முனையில் தற்காலிகமாக ஒரு பீப்பாய் வைத்து நிரப்பினார்கள். முதல் குடத்தைப் பொன்னுத்தாய்தான் தூக்கினாள். என்னைக் கடக்கும்போது நின்றாள்.

"சார், இந்தக் கொடத்துக்கு வரி இல்லியே?"

"இல்லை."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, பட்டறைக்குள் போய்க் காரத் தொட்டியில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த குடத்தை வைத்தாள். அவளுக்கென ஒதுக்கிய அறுப்புப் பலகை உள்ளே காலியாகத்தான் கிடந்தது. யாராவது சுமக்க வேண்டும். வழக்கமாகச் சுமப்பவள் அவள். யாரும் அவளிடம் இதைச் சொல்லவில்லை, அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் ஆப்தே முன்னால் இருந்தார், நான் பின்னால். சாலமன் சந்திலேயே நின்றுவிட்டார், அங்கிருந்தவர்கள் அவரை விடவில்லை. எழுதாமல், வாசிக்காமல், மனத்தில் இருந்ததைச் சொன்னேன். "சார், வரி போகவில்லை. வரியைத் தண்ணீராக மாற்றி அந்தப் பெண்ணின் இடுப்பில் வைத்துவிட்டோம். கருவூலத்துக்கும் அதில் ஒன்றும் வராது. ஆனால் அவள் கட்டிக்கொண்டுதான் இருப்பாள்."

ஆப்தே முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்தார்.

"உண்மைதான்" என்றார். "சாலமன் சொன்னானா?"

வண்டி அப்போது சயான் பக்கம் ஒரு மாட்டு வண்டியைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. நான் வெளியே பார்த்தேன். அவர் விடையை எதிர்பார்க்கவும் இல்லை.

சனிக்கிழமை மாலை சாலமன் எங்கள் வீட்டுக்கு வந்து கமலாவுக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். ஆப்தேயின் நடை, சுடலைமுத்து தலையில் கை வைத்தது, சோப்பு தண்ணீர் குடித்தது. அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். "மதினி, அந்த முத்திரைய வச்சதே உங்க வீட்டுக்காரர்தான், என்ன பிடி பிடிச்சாருங்கிய" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். அவர் எதையும் தமக்கென்று வைத்துக்கொள்ளும் மனிதர் அல்ல. ஜீப்பில் நான் சொன்னது அவருக்குத் தெரியாது. கமலாவிடமும் நான் சொல்லவில்லை. அன்றைய சிரிப்பில் அதற்கு இடம் இல்லை, பிறகு காலம் கடந்துவிட்டது.

கமலா சொல்லும் கதை அன்று பிறந்தது. அதில் நான் கலர் சோடா குடிப்பேன், வரியைப் பற்றிப் பேசுவேன், பொன்னுத்தாயிடம் மாட்டிக்கொள்வேன். குழாய் அறுக்கும் கட்டம் வரும்போது நான் எழுந்து பால்கனிக்குப் போய்விடுவேன். அங்கிருந்து அவள் குரல் கேட்கும், சொற்கள் கேட்கா. கடைசியில் கேட்பவர்கள் அமைதியாகிவிடுவார்கள் என்பது மட்டும் தெரியும். சிரிப்புக் கதை ஏன் அமைதியில் முடிகிறது என்று நான் உள்ளே வந்து கேட்டதில்லை.

இளம் அதிகாரிக்கு என் விடை இதுதான். கூலிக்காரர்கள் வரி கட்டினார்கள், இப்போதும் கட்டுகிறார்கள். அது அவர்கள் சம்பாத்தியத்துக்கு அதிகம். நம் பதிவேடுகள் பொய் சொல்லவில்லை: அந்தப் பட்டறையிலிருந்து வரியாக எதுவும் வரவில்லை என்று அவற்றில் இருக்கும், அது சரி. பெற்றுக்கொண்டதை நாம் எண்ணினோம். கொடுத்ததை எண்ணும் வேலை நமக்குத் தரப்படவில்லை. நாமும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. பொன்னுத்தாய் அந்தக் குடத்தை எத்தனை காலம் சுமந்தாள் என்று எனக்குத் தெரியாது. வேறு பகுதிக்கு மாற்றலாகிப் போனேன். சில ஆண்டுகளில் சரக்கை ஆய்வாளர் நின்று அனுப்பும் முறையே நீக்கப்பட்டது. முத்திரை இடுக்கிகளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

சாலமன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் செம்பூரில் காலமானார். இறுதி ஊர்வலத்தில் கமலா அழுதாள். நான் அவள் அருகில் நின்றேன். எனக்காக அவள் அப்படி அழும்படி நேராமல் போயிற்று.

செய்யாமல் நிற்பவை:

பொன்னுத்தாய் கேட்ட கணக்கு. ஒருமுறை போட்டேன், அவளைத் தேடிப் போவதற்குள் விலைகள் மாறிவிட்டன.

குறிப்பின் இரண்டாம் பகுதியை இளம் அதிகாரிக்கு அனுப்புவது. கூட்டத்தில் அவர் தந்த முகவரி என்னிடம் இருக்கிறது.

சாலமனின் மனைவியைப் போய்ப் பார்ப்பது. அந்த அம்மாள் என்னிடம் ஒரு வருத்தமும் காட்டியதில்லை.

கமலாவின் தங்கை கோவண்டியில் இருக்கிறாள். அவள் இந்தக் கதையைப் பலமுறை கடைசிவரை உட்கார்ந்து கேட்டவள். கமலா அதை எப்படி முடிப்பாள் என்று அவளிடம் கேட்க வேண்டும்.